மாதவரத்துத் தோப்பில் ஒரு செந்தலைப் பூங்குருவி

மாதவரம் பால் பண்ணைப் பக்கம், தூங்குமூஞ்சி மரங்களும் புங்கமரங்களும் அடர்ந்து நிற்கும் ஒரு தோப்பில் நான் ஆறு ஆண்டுகளாகப் பறவை பார்த்து வருகிறேன். 2023 நவம்பரில், மழை விட்டிருந்த ஒரு காலை 6.40 மணிக்கு, ஈரச் சருகுகளுக்கு நடுவே ஆரஞ்சு நிறம் அசைந்தது. கிண்டிக் காட்டில் குளிர்காலத்தில் செந்தலைப் பூங்குருவியைப் பார்த்தவர்கள் உண்டு. வட சென்னையில் அது என் கண்ணில் பட்டது அன்றுதான்.

கேமராவை உடனே எடுக்கவில்லை. கையேட்டில் உள்ள படம் நம் நினைவைத் தன் பக்கம் இழுத்துவிடும் என்பதால், புத்தகத்தைத் திறக்கும் முன்பே கண்டதை எழுதிவிடுவது என் வழக்கம். மைனாவைவிடச் சற்றுச் சிறியது, தலையும் மார்பும் ஆரஞ்சு, முதுகு நீலச் சாம்பல், இறக்கையின் தோள்பகுதியில் வெள்ளைத் திட்டு என்று குறித்துக்கொண்டேன். அது அலகால் ஒரு சருகைக் கவ்விப் பக்கவாட்டில் வீசியது. அசையாமல் நின்று தலையைச் சாய்த்து மண்ணை உற்றுப் பார்த்தது. ஒரு புழுவை இழுத்தெடுத்த பிறகே அடுத்த சருகுக்கு நகர்ந்தது. வலசை வரும் ஆறுமணிக்குருவியும் இப்படிச் சருகு கிளறும் என்பதால் அதை முதலில் விலக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் முதுகு பச்சை, வால் மிகக் குட்டை, கண்ணின் ஊடே தடித்த கறுப்புப் பட்டை ஓடும். இந்தப் பறவையில் இவை எதுவும் இல்லை.

இனம் உறுதியாகிவிட்டது, துணையினம்தான், அதாவது ஒரே இனத்துக்குள் வட்டாரத்துக்கு வட்டாரம் சற்றே வேறுபடும் பிரிவுதான், என்னைச் சோதித்தது. இமயமலைப் பகுதியில் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் சிட்ரினாவுக்கு முகம் முழுவதும் ஆரஞ்சாக இருக்கும். தென்னிந்தியத் துணையினமான சயனோட்டாவுக்குத் தொண்டையும் கன்னமும் வெண்மையாக, கன்னத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கருங்கோடுகள் இருக்கும். வலசைக் காலம் என்பதால் இது சிட்ரினாவாகத்தான் இருக்கும் என்று மனம் சொன்னது. பறவையோ எனக்கு முதுகையே காட்டிக்கொண்டிருந்தது. மரநிழலில் எடுத்த முப்பது படங்களிலும் முகம் தெளிவாக விழவில்லை. பதிவு செய்யப்பட்ட குரலை ஒலிக்கவிட்டு அதை வெளியே வரவழைத்திருக்கலாம். பசியாறிக்கொண்டிருக்கும் ஒரு வலசைப் பறவையை அப்படி அலைக்கழிப்பது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே பறவை பார்ப்பவர்கள் தாம் கண்டதைப் பதியும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில், அன்றைய பட்டியலில் இனத்தின் பெயரை மட்டும் இட்டேன். தொடங்கிய நேரம், நடந்த தொலைவு, கண்ட மற்ற பறவைகள் அனைத்தின் எண்ணிக்கை ஆகியவற்றையும் சேர்த்தேன். தோப்பின் இரண்டு மூலைகளில் பார்த்திருந்தாலும், ஒரே நேரத்தில் இரண்டு தென்படாததால் எண்ணிக்கையை ஒன்று என்றே பதிந்தேன்.

இரண்டு நாள் கழித்து மீண்டும் போனபோது, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த அம்மா, "அந்த மூலைய நான் கூட்டறதில்ல தம்பி, பத்து நாளா அங்கதான் மேயுது" என்றார். அவர் சொன்னதை என் கணக்கில் சேர்க்காமல், கேட்ட செய்தியாகக் குறிப்பில் தனியே எழுதினேன். அரை மணி நேரம் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்த பிறகு பறவை பக்கவாட்டில் திரும்பியது. வெண்கன்னத்தில் இரண்டு கருங்கோடுகள்! மனம் முன்கூட்டியே சொன்னது பிழை, அது சயனோட்டா.

துணையினத்தைக் குறிப்பிட்டு இரண்டாம் பட்டியலை அனுப்பியதும், பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் ஆதாரம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். நிறத்தைத் துளியும் மாற்றாத மூன்று படங்களையும், புத்தகம் பார்க்கும் முன் எழுதிய குறிப்பையும் இணைத்தேன், பதிவு ஏற்கப்பட்டது. முதல் நாள் பட்டியலில் துணையினத்தைச் சேர்க்கச் சிலர் சொன்னார்கள். அன்று நான் முகத்தைப் பார்க்கவில்லை என்பதால் அதை அப்படியே விட்டுவிட்டேன். பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அந்தப் பறவை தென்படவில்லை. அதற்குப் பின் போன நான்கு நாள்களின் பட்டியல்களையும், அது இல்லாமலே, முழுமையாகப் பதிந்திருக்கிறேன்.