நாலு பட்டறை, ஒரு புஷ்

எங்கள் பட்டறை திருவொற்றியூரில். இரண்டு லேத், ஒரு மில்லிங். வியாசர்பாடியில் கன்மெட்டல் (ஒருவகை வெண்கலம்) வார்க்கும் நண்பர், மணலிப் பக்கம் ரப்பர் மோல்டிங் போடும் அண்ணன், பெரம்பூரில் வீட்டிலிருந்தே கணினியில் வரைபடம் போடும் ஒரு தங்கை. நாங்கள் நாலு பேரும் சேர்ந்து, விசைப்படகின் புரொப்பல்லர் ஷாப்டு, அதாவது படகின் விசிறியைச் சுழற்றும் தண்டு, உள்ளே சுழலும் புஷ்ஷை (தண்டைத் தாங்கும் குழாய் போன்ற உறையை)ப் புதிதாகச் செய்தோம். இதற்கென்று தனிக் கம்பெனி தொடங்கவில்லை. அவரவர் பெயர்ப்பலகையும் ஜிஎஸ்டி எண்ணும் அப்படியே இருக்க, இந்த ஒரு பொருளுக்கு மட்டும் ஒரே கம்பெனி போல வேலை. மெய்நிகர் நிறுவனம் என்று இதற்கு ஒரு பெயர் இருப்பதே பின்னால்தான் தெரியும்.

எங்களுக்குள் தூரம் அதிகமில்லை. ஆனால் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்றுவிட்டால் அரை நாள் போய்விடும். அதனால் பேச்செல்லாம் இரவு ஒன்பது மணிக்கு வீடியோ காலில்.

காசிமேட்டில் ஒரு படகுக்காரர்தான் இதைத் தொடங்கிவைத்தார். மணல் கலந்த தண்ணீரில் அவருடைய உலோகப் புஷ் சீக்கிரமே தேய்ந்தது. கன்மெட்டல் கூட்டுக்குள் நைட்ரைல் ரப்பர் ஒட்டி, நீளவாக்கில் பள்ளம் விட்டால், கடல் தண்ணீரே மசகாக ஓடும், மணலையும் அடித்துக்கொண்டு போகும். இது உலகம் அறிந்த முறை. ஷாப்டைக் கழற்றாமலே மாற்றும்படி புஷ்ஷை இரண்டு பாதியாகப் பூட்டும் அமைப்புதான் நாங்கள் யோசித்தது.

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது அப்போதுதான். எங்களுக்குச் சோதனை செய்யக் கிடைப்பதும் அந்த நாட்கள்தான்.

முதல் வருடம் எழுத்தில் எதுவும் இல்லை. பழகினவர்கள்தானே என்று இருந்துவிட்டோம். ரப்பர் அண்ணனிடம் கலவையைப் பற்றிக் கேட்டால், "அத்த நான் பாத்துக்கறேன் தம்பி, நீ அளவ மட்டும் சொல்லு" என்பார். வரைபடத்தில் ஷாப்டுக்கும் ரப்பருக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளிக்கு நான் துளையை முடித்தேன். படகில் மாட்டினோம். தண்ணீரில் இறங்கி நாலாம் நாள் ஷாப்டு இறுகிவிட்டது. ரப்பர் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் ஊதும். வெளியே உலோகக் கூடு விடாது, அதனால் உள்ளே ஊதித் துளை சுருங்கும். இது அண்ணனுக்குத் தெரியும். நான் காய்ந்த நிலையில் அளவெடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது. படகுக்காரர் பழைய புஷ்ஷையே மாட்டிக்கொண்டு கடலுக்குப் போனார். ஒரு வருடம் போச்சு.

கோபம் ஆறியதும் அண்ணனே மனசைத் திறந்தார். "கலவைய சொல்லிட்டா நாளைக்கு நீ வேற எவன்கிட்டயாச்சும் ஊத்திக்குவ. அப்புறம் எனக்கு இன்னா இருக்கு?" அவர் பயந்ததில் நியாயம் இருந்தது.

வக்கீலிடம் போனோம். நாலு பக்கம், முத்திரைத்தாளில், தமிழில் எழுதினோம். கூட்டுச் சேர்வதற்கு முன்பே யாரிடம் இருந்த அறிவு யாருடையது என்பதை முதலில் பிரித்தோம். கலவை அண்ணனுடையது, வெளியே போகாது. சேர்ந்து கண்டது நாலு பேருக்கும் பொது.

அங்கேதான் எனக்குத் தெரியாத ஒன்று வந்தது. காப்புரிமை (பேட்டன்ட்) சட்டம் 1970, பிரிவு 50-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டு உரிமையாளர்களுக்குச் சம பங்கு. ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கணக்குக் காட்டாமல் தானே செய்து விற்கலாம். ஆனால் மற்றவர்கள் சம்மதமில்லாமல் வெளியாளுக்கு உரிமம் கொடுக்க முடியாது. பட்டறை வைத்திருக்கும் எங்களுக்கு இது போதும். பெரம்பூர் தங்கையிடம் இருப்பது ஒரு கணினி. அவள் எதை வார்த்து விற்பாள்? பூட்டும் யோசனையே அவளுடையது. விற்கும் ஒவ்வொரு புஷ்ஷுக்கும் அவளுக்கு ஒரு தொகை என்று எழுதினோம். வக்கீல் சொல்லியிராவிட்டால், தெரியாமலே அவளுக்குத் துரோகம் செய்திருப்போம். கூட்டாக இறங்குகிறவர்கள் இந்த ஒரு இடத்தையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மறுபடி படகில் மாட்டும் முன்பே, தற்காலிக விவரக்குறிப்போடு (கண்டுபிடிப்பின் முதற்கட்ட விளக்கம்) காப்புரிமைக்கு விண்ணப்பித்தோம். எல்லோரிடமும் சிறு தொழில் பதிவான உத்யம் சான்றிதழ் இருந்ததால் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும். அந்தத் தேதியை நாலு பேர் போனிலும் அலாரமாக வைத்தோம். கூடுகள் வியாசர்பாடிக்கும் மணலிக்கும் ஜாப் ஒர்க் சலானில் (விற்பனையில்லாமல் வேலைக்கு அனுப்பும் சீட்டு) போய் வந்தன. வரைபடங்களை வாட்ஸ்அப்பில் போடுவதை நிறுத்திப் பொதுவான ஒரே ஃபோல்டரில் வைத்தோம். பழைய வரைபடத்தைப் பார்த்து நான் ஒருமுறை ஆறு கூடு கடைந்து வீணாக்கியிருந்தேன்.

கையெழுத்துப் போட்ட வாரமே அண்ணன் ரப்பர் ஒட்டிய கூட்டுத் துண்டுகளோடு என் பட்டறைக்கு வந்தார். டிரம்மில் கடல் தண்ணீர் நிரப்பி ஊறப்போட்டோம். மூன்று வாரம் தினமும் துளையை அளந்து, அளவு அசையாமல் நின்ற பிறகுதான் புது இடைவெளியை முடிவு செய்தோம். எந்தக் கலவை அதிகம் ஊதும், எது டீசல் பட்டால் தாங்கும் என்று அவர் பேசப் பேச, தங்கை வீடியோ காலில் குறித்துக்கொண்டே இருந்தாள்.

இரண்டாம் தடைக்காலத்தில் மாட்டினோம். தடை முடிந்த ராத்திரி படகு கிளம்பும்போது நாலு பேரும் காசிமேட்டில் நின்றோம். எட்டாம் நாள் படகுக்காரர் போன் செய்தார். "ஷாப்டு சூடே இல்லப்பா. பக்கத்து போட்டுக்காரனும் கேக்கறான், எப்ப தருவீங்க?"