இறால் கேள்வி

சாப்பாட்டில் யாரும் குறை சொல்லவில்லை. யாட் என்கிற சொகுசுக் கப்பலில் சமையல்காரர் வேலைக்குச் சோதனையாக, ஊழியர்கள் ஒன்பது பேருக்கும் மதியச் சமையல். தட்டுகள் வழித்துத்தான் திரும்பின. அதன்பிறகு கேப்டன் கேட்டதுதான் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

"கப்பலை வாடகைக்கு எடுத்து வந்த விருந்தாளி, சாப்பாட்டு விருப்பங்களை எழுதித் தரும் ப்ரிஃபரன்ஸ் ஷீட்டில் இறால், நண்டு ஒவ்வாது என்று எழுதியிருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரி நடுக்கடலில் இறால் கேட்கிறார். என்ன செய்வீங்க?"

"செய்து தர மாட்டேன்."

"பிடிவாதமாகக் கேட்டால்?"

"அப்பவும் மாட்டேன்."

"சரி" என்று கை குலுக்கினார். நாள் கூலி வந்தது. வேலை வேறு ஒருவருக்குப் போனது.

வேறு காரணம் இருந்திருக்கலாம். சீசனுக்கு முன்பு ஐரோப்பாவின் ஆன்டீப், பால்மா யாட் துறைமுகங்களில் சிவியோடு வேலை தேடி அலைகிறவர்கள் எத்தனை பேர்! கடலோடிகளுக்கான எஸ்டிசிடபிள்யூ பாதுகாப்புப் பயிற்சியும் ஈஎன்ஜி1 மருத்துவச் சான்றும் எல்லோரிடமும்தான் இருக்கின்றன. என்னிடம் கப்பல் சமையல்காரர் சான்றிதழ் கிடையாது; ஆனால் ஊழியர் பத்துப் பேருக்குக் குறைவு என்றால் அதற்கு விலக்கு உண்டு. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அந்த "மாட்டேன்" வந்து நிற்கிறது.

என் பதிலில் என்ன தப்பு? ஓட்டலில் ஒருவருக்குத் தொண்டை அடைத்தால் ஆம்புலன்ஸ் வரும். நடுக்கடலில் அட்ரினலின் ஊசி போட்டாலும் கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரி கரையில் இருக்கிறது. ஒவ்வாமை கடுமையாக இருக்கிற சிலருக்கு இறால் வேகும் ஆவியே போதும். அந்தக் குட்டி அடுக்களையில் ஆவி எங்கே போகும்?

ஆனால் அந்த ஷீட்டை விருந்தாளியே எழுதியிருப்பார் என்று என்ன நிச்சயம்? பெரும்பாலும் உதவியாளர்தான் நிரப்பி அனுப்புகிறார். பிடிக்காததையெல்லாம் ஒவ்வாமைக் கட்டத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. கப்பலில் கடைசிப் பொறுப்பு கேப்டனுடையது. "உங்களிடம் வந்து சொல்வேன்" என்ற பதிலைத்தான் அவர் எதிர்பார்த்தாரோ? ஓட்டலில் என் அடுப்புக்கு நான்தான் ராஜா. அந்தத் தோரணையை அவர் அங்கேயே மோப்பம் பிடித்திருக்கலாம்.

சரி, போய்ச் சொல்கிறேன். அவர் "செய்து கொடு" என்றால்? இந்த இடத்தில் வந்ததும் என் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது. அப்படிச் சொல்கிற கப்பலில் வேலை கிடைக்காததே நல்லது. கிடைக்காத வேலையைப் பற்றி இப்படி நினைப்பது வசதியாகவும் இருக்கிறது, என்ன செய்ய.

பிறகு வேலை கிடைத்த படகு சின்னது. நான் ஒருத்தன்தான் சமையல். அங்கே நேர்காணலில் கேட்டதெல்லாம் கடல் நோய் வருமா என்பதுதான். முதல் ஷீட்டிலேயே "கடலுணவு கூடாது" என்று இருந்தது. ஒவ்வாமையா, பிடிக்காதா என்று விசாரிக்கச் சொன்னேன். சாயங்காலம் பதில் வந்தது: வாடை பிடிக்காதாம், அவ்வளவுதான். நான் நம்பாமல் அவருக்கென்று தனிச் சட்டி, தனிக் கரண்டி ஒதுக்கி வைத்தேன். அவரோ மூன்றாம் நாள் மனைவியின் தட்டிலிருந்து மீன் எடுத்துச் சாப்பிட்டார்.

இப்போதும் சாமான் வாங்கப் போகும் முன் ஒவ்வாமைக் கட்டத்தை மட்டும் விருந்தாளியிடமே உறுதிப்படுத்தச் சொல்கிறேன். விருந்தாளியை ஏன் தொந்தரவு செய்கிறாய் என்று என் கேப்டனுக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சல்.