சம்பளம் நான்கு நாள் தாமதமான மாதம்

சம்பளப் பிரிவில் இருப்பவனை அலுவலகத்தில் மாதக் கடைசியில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். 18 வருடமாக எனக்கு இந்த மேசைதான். யாருக்கு என்ன சம்பளம், எதெதற்குப் பிடித்தம் போகிறது, கையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதெல்லாம் என் திரையில் இருக்கும். அதனாலேயே யார் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் சம்பளம் நான்கு நாள் தாமதமானது. வங்கிக்கு நாங்கள் அனுப்பிய கோப்பில் ஏதோ கோளாறு. அது திரும்பி வந்து, சரிசெய்து மறுபடி அனுப்புவதற்குள் நடுவில் விடுமுறையும் சேர்ந்துகொண்டது. கடைநிலை ஊழியர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையோடு காலையில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் வேறு. மேற்பார்வையாளர்கள், உதவி மேலாளர்கள், கணினிப் பிரிவு இளைஞர்கள். ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, "சார், நாளைக்கு மூணு தவணை எடுப்பாங்க. கணக்குல ஒண்ணுமில்ல" என்றார். அவருடைய சம்பளம் என்னுடையதைப்போல இரண்டு மடங்கு.

துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருவரும் வரவில்லை. மதியம் நானே போய் விசாரித்தேன். "நாலு நாள்தானே சார், பாத்துக்கலாம்" என்றார் அங்கே மூத்தவரான அக்கா. அவர்களுக்குள் கைமாற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று நான் உனக்கு, அடுத்த வாரம் நீ எனக்கு. வட்டி கிடையாது, எழுத்தும் கிடையாது. அவர்களுக்குக் கஷ்டம் இல்லை என்று சொல்ல வரவில்லை. "நாலு நாள் பொறுத்துக்கோ" என்று சொன்னால் கேட்கிற ஆளிடம் அவர்கள் கடன்பட்டிருந்தார்கள். உதவி மேலாளரின் கடனோ 5ஆம் தேதி காலையில் கணக்கிலிருந்து தானாகப் பணத்தை எடுக்கும் ஏற்பாட்டிடம் இருந்தது. அதற்குக் காது கிடையாது. கணக்கில் பணமில்லாமல் தவணை திரும்பினால் கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் போடுவார், வங்கியும் தன் பங்குக்கு ஒன்று போடும். கூடவே கடன் மதிப்பெண்ணிலும் அடி விழும்.

அந்த நான்கு நாளுக்குப் பிறகு சம்பளப் பட்டியலை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன்.

ஸ்டோர்ஸில் இரண்டு பேர். ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், அடிப்படைச் சம்பளத்தில் ஒரு காசு வித்தியாசமில்லை. ஒருவர் வருடத்துக்கு ஒரு போன் மாற்றுவார், வண்டி எப்போதும் பளபளவென்று இருக்கும். மற்றவர் பத்து வருடமாக ஒரே தோள்பையோடு வருகிறார், வார் அறுந்து இரண்டு முறை தைத்த பை. முன்னவர் கடனில் மிதக்கிறார், பின்னவர் நன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் தீர்ப்பெழுதி வைத்திருந்தேன். ஒருநாள் தோள்பைக்காரர்தான் முன்பணப் படிவம் கேட்டு வந்தார். அப்பாவின் சிகிச்சைக்கு வாங்கிய கடன் ஆறாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நான் சிக்கனம் என்று மெச்சியது உண்மையில் அந்தக் கடனின் மறுபக்கம். வண்டிக்காரருக்கோ வாடகை இல்லை, பெற்றோரின் வீடு. மனைவிக்கு அவரைவிடக் கூடுதல் சம்பளம். கடனே இல்லை என்று அவர் சொன்னபோது முதலில் நான் நம்பவில்லை. பட்டியலில் இருப்பது ஒரு ஆளின் வரவு மட்டும். அதை நம்பி வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்களா ஏழு பேர் இருக்கிறார்களா என்பது எந்தப் பத்தியிலும் வராது.

அந்தத் துப்புரவுப் பிரிவு அக்காவிடம்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன், பல தடவை மூக்குடைபட்டு. அவர் பணத்தைத் தனித்தனி உறைகளில் வைத்திருப்பார். வாடகைக்கு ஒன்று, பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று. பள்ளிக் கட்டண உறையிலிருந்து அவசரத்துக்கு எடுத்தால், திரும்ப வைக்கும்போது கொஞ்சம் கூடுதலாக வைப்பார். தனக்குத் தானே வட்டி! ஒருமுறை வங்கியில் வைப்புத்தொகை இருக்கும்போதே கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்டு விண்ணப்பித்தார். வைப்புக்குக் கிடைக்கும் வட்டியைவிடக் கடனுக்குக் கட்டும் வட்டி அதிகம். இது சுத்த நஷ்டம், வைப்பை எடுத்துச் செலவு செய்யுங்கள் என்று கால்குலேட்டரோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கடன் வாங்கினா கட்டச் சொல்லி விரட்ட ஆள் இருக்கு சார். டெபாசிட்டை உடைச்சா திரும்பச் சேருன்னு என்னை யார் விரட்டுவா?"

நான் கால்குலேட்டரை மேசைக்குள் வைத்துவிட்டேன்.

பிற்பாடு தெரிந்தது, பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் தேலர் 1985இல் எழுதிய கட்டுரை ஏறக்குறைய இந்த உறைகளைப் பற்றியது என்று. பணம் எல்லாம் ஒன்றுதான் என்று ஏடு சொல்லும், மனிதர்கள் அதற்குப் பெயரிட்டுப் பிரித்து வைப்பார்கள் என்பதற்கு அவர் வைத்த பெயர் மனக்கணக்கு. (நமக்கு மனக்கணக்கு என்றால் வாய்பாடுதான் ஞாபகம் வரும். இது வேறு.) 2017இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அக்காவுக்கு எங்கள் நிறுவனம் ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது, அதுவும் ஓய்வுபெற்ற அன்று.

அவர்தான் அலுவலகச் சீட்டையும் நடத்தினார். 12 பேர், 12 மாதம். மாதாமாதம் எல்லோரும் ஒரே தொகையைப் போட, குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு மொத்தமும். ஏலம் இல்லை, தள்ளுபடி இல்லை. முதல் மாதம் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன். கடைசி மாதம் எடுப்பவருக்கு அதே சீட்டு வட்டியில்லாச் சேமிப்பு. நடுவில் எடுப்பவர் பாதிக் கடன்காரர், பாதிச் சேமிப்பாளர். கடனாளிகள் ஒரு கட்சி, சிக்கனக்காரர்கள் எதிர்க்கட்சி என்று நான் பிரித்து வைத்திருந்தது இந்தச் சீட்டு நோட்டைப் பார்த்த அன்றைக்கே குழம்பிப்போனது. இது நம்மிடம் மட்டும் இருப்பதும் அல்ல. மெக்சிகோவில் தாண்டா, கானாவில் சுசு, கென்யாவில் சாமா, பிலிப்பைன்ஸில் பலுவாகன், கொரியாவில் கியே. மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1962லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், மொத்தமாகப் பணம் கைக்கு வராதவர்கள் எங்கே இருந்தாலும் இதை எப்படியோ கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

சரி, கைமாற்றும் சீட்டும் மட்டுமே அங்கே ஓடியது என்று எழுதினால் பொய். வாரவட்டியில் மாட்டியவர்களும் இருந்தார்கள். 100 கடன் என்றால் முதலிலேயே 10ஐக் கழித்துக்கொண்டு 90ஐத் தருவார்கள். வாரம் 10 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். "பத்து சதவீதம்தானே சார்" என்பார்கள். பத்து வாரத்துக்குள், அதுவும் குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு அந்த 10 என்பதால், ஆண்டுக் கணக்கில் அது 100 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

படித்தவர்களின் கடன் இதற்கு ஒன்றும் குறைந்ததில்லை, தாள்தான் வழவழப்பு. பயிற்சி முடித்து நிரந்தரமான ஒரு தம்பி வண்டிக்கடன் கடிதத்தோடு வந்தார். 10 சதவீத நிலைவட்டி என்று போட்டிருந்தது. 12,000 கடன், ஒரு வருடம், வட்டி 1,200, மாதம் 1,100. கணக்கு சரிதானே என்றார். சரிதான், ஆனால் பாதி வருடம் போனபிறகு உன் கையில் இருப்பது 12,000 இல்லையே, பாதி அசலை அடைத்திருப்பாய், வட்டி மட்டும் முழு அசலுக்கும் போட்டிருக்கிறார்களே என்றேன். குறையும் பாக்கிக்குப் போட்டுப் பார்த்தால் அது கிட்டத்தட்ட 18 சதவீதம். அவர் அதிர்ச்சியடையவில்லை. "மாசம் 1,100 கட்ட முடியும் சார்" என்றார். தவணையின் சாமர்த்தியமே அதுதான். விலை எவ்வளவு என்ற கேள்வியை எடுத்துவிட்டு, மாதம் எவ்வளவு என்ற கேள்வியை வைக்கும். 1850களில் சிங்கர் நிறுவனம் தையல் இயந்திரத்தைத் தவணையில் விற்றபோதும் இதே கேள்விதான். என்ன, அந்த இயந்திரம் தன் தவணையைத் தானே தைத்துச் சம்பாதிக்கக்கூடியது. 1919இல் கார் விற்பதற்கென்றே ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கியது. இப்போது பாட்டுக் கேட்கக் காதில் மாட்டும் கருவிக்குக்கூடத் தவணை இருக்கிறது.

சம்பள உயர்வு வந்த இரண்டாவது மாதம் என் மேசையில் சம்பளச் சான்றிதழ் விண்ணப்பங்கள் குவியும். உயர்ந்த தொகை கைக்குப் பழகுவதற்கு முன்பே அது ஒரு தவணையாகிவிடும். இதில் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது.

கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே நான் கடன் அட்டையில் மாட்டினேன். வீட்டில் ஒரு நெருக்கடியான வருடம். "செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை" என்று அறிக்கையில் இருந்ததைப் பார்த்து, அதைக் கட்டினால் போதும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். தெரியாமல் செய்ததல்ல. பெரிய எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு சின்ன எண்ணை மட்டும் பார்க்கிற வேலையைத் தெரிந்தேதான் செய்தேன். மாதம் 3 சதவீத வட்டி, பாக்கியில் 5 சதவீதம் குறைந்தபட்சம். ஒருநாள் இரவு கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்டேன். 100 பாக்கி இருந்து, புதிதாக எதுவும் வாங்காமல், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டிக்கொண்டே போனால், அது 50 ஆவதற்கு 32 மாதம். அதற்குள் கட்டி முடித்திருப்பது 120. கட்டியது 120, குறைந்தது 50. மறுநாள் கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி அட்டையை அடைத்தேன். கடனை அடைக்கக் கடன். ஜாமீன் கையெழுத்துக்கு ஆள் தேடி அலைந்தபோது, கேள்வி கேட்காமல் போட்டவர் அந்தத் தோள்பைக்காரர். என் சம்பளம் அவருக்குத் தெரியாது, என் கடனும் தெரியாது. "உங்க முகத்தைப் பாத்தாலே தெரியுது சார்" என்றார்.

அந்தக் கடன் முடிந்து சில வருடமாகிறது. இப்போதும் சான்றிதழ் கேட்டு யாராவது வருவார்கள். எதற்கு என்று நான் கேட்பதில்லை, எவ்வளவு என்றும் கேட்பதில்லை. போன மாதம் வந்த பெண்ணிடம், "எத்தனாம் தேதி தவணை எடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"2ஆம் தேதி சார். ஏன்?"

"10ஆம் தேதிக்கு மாத்தித் தருவாங்களான்னு கேட்டுப் பாரும்மா."

ஒரு வாரம் கழித்துப் போகிற போக்கில் எட்டிப் பார்த்துச் சொன்னாள், 7ஆம் தேதிக்குத்தான் சம்மதித்தார்களாம்.