சவாரி நேரம் 9:24: ட்ரெஸ்ஸாஜ் போட்டி நாளைச் சமாளிப்பது

அமெரிக்காவில் அலுவலக வேலையையும் பார்த்துக்கொண்டு குதிரையும் வைத்திருப்பவர்கள் 'அடல்ட் அமெச்சூர்' (தொழில்முறை அல்லாத பெரியவர்கள்) பிரிவில் ட்ரெஸ்ஸாஜ் போட்டிக்குப் பதிவு செய்வார்கள். குறித்த அசைவுகளைக் குதிரை எவ்வளவு சீராகச் செய்கிறது என்று பார்த்து ஜட்ஜ் மதிப்பெண் போடும் சவாரிப் போட்டி இது. வெள்ளி மாலை ட்ரைலரில் குதிரையை ஏற்றி, சனி ஞாயிறு சவாரி செய்து, திங்கள் காலை வேலைக்குத் திரும்புவார்கள். களத்துக்குள் இருக்கும் நேரம் ஒரு டெஸ்டுக்கு (வரிசையாகச் செய்ய வேண்டிய அசைவுகளின் தொகுப்புக்கு) ஐந்தாறு நிமிடம்தான். மிச்சம் எல்லாம் காத்திருப்பும் ஏற்பாடும். மதிப்பெண் கைநழுவுவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான் என்பது எங்கள் அனுபவம். இங்கே சொல்பவை யூ.எஸ்.இ.எஃப் (அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு), யூ.எஸ்.டி.எஃப் (அமெரிக்க ட்ரெஸ்ஸாஜ் கூட்டமைப்பு) அங்கீகாரம் பெற்ற போட்டிகளுக்குப் பொருந்தும்.

வேலை, பதிவு முடியும் தேதிக்கு முன்பே தொடங்குகிறது. படிவம் 'முழுமையில்லை' என்று திரும்பி வர முக்கியக் காரணம் கையெழுத்து. சவாரியாளர், உரிமையாளர், பயிற்சியாளர் மூவருமே போட வேண்டும். மூன்றும் ஒரே ஆளாக இருந்தால் மூன்று இடத்திலும் போட வேண்டும். காகின்ஸ் ரத்தப் பரிசோதனை (குதிரைகளின் தொற்று ரத்தசோகைக்கானது) முடிவை இணையுங்கள். இன்ஃப்ளூயன்ஸா, ஹெர்பிஸ் வைரஸ் தடுப்பூசிகள் இரண்டும் கடந்த ஆறு மாதத்துக்குள் போட்டதற்கான சான்றும் வேண்டும். உங்கள் பயிற்சியாளர் அதே நாளில் தாமும் சவாரி செய்கிறார், அல்லது நீங்கள் இரண்டு குதிரைகளில் ஏறுகிறீர்கள் என்றால் அதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். அட்டவணை வெளியான பிறகு கேட்டால், போட்டிச் செயலர் ஒருவரை நகர்த்துவதற்காகப் பத்துப் பேரை நகர்த்த வேண்டியிருக்கும். ஒரு குதிரைக்கு ஃபோர்த் லெவல் (தேசியப் படிநிலைகளில் கடைசியானது) வரை நாளுக்கு மூன்று சவாரிதான். அதற்கு மேற்பட்ட நிலையில் இரண்டுதான்.

சவாரி நேரம் கைக்கு வந்ததும் பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடுங்கள். 9:24 என்று வைத்துக்கொள்வோம். 9:20-க்குக் களத்தின் வாசலில் இருக்க வேண்டும். வார்ம்-அப்புக்கு 35 நிமிடம். ஆக 8:45-க்குச் சேணத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். லாயத்திலிருந்து வார்ம்-அப் களம் பத்து நிமிட நடை என்றால் 8:35. துடைத்து, சேணம் பூட்ட 25 நிமிடம்: 8:10. பிடரி பின்ன ஒரு மணி நேரம்: 7:10. தானியத் தீவனம் 6 மணிக்கே உள்ளே போய்விட வேண்டும். வைக்கோல் எப்போதும் இருக்கலாம். இதன் மேல் 20 நிமிட உபரி சேருங்கள். அந்த உபரியை லாயத்தில் செலவழியுங்கள், வார்ம்-அப்பில் வேண்டாம். பலரும் பதற்றத்தில் சீக்கிரம் ஏறிவிட்டு, குதிரையின் நல்ல ட்ராட்டை (துள்ளோட்டத்தை) எல்லாம் வார்ம்-அப் களத்திலேயே செலவழித்துவிடுகிறார்கள். களத்துக்குள் போகும்போது களைத்த முதுகுதான் மிச்சமிருக்கிறது.

35 நிமிடத்தில் முதல் பத்து நிமிடம் தளர்ந்த கடிவாளத்தில் வாக் (நடை). அடுத்த 15 நிமிடம் ட்ராட், கேன்டர் (மிதமான பாய்ச்சல்), பெரிய வட்டங்கள். ஐந்து நிமிடம் மறுபடி வாக். கடைசி ஐந்தில் டெஸ்டில் வரும் நடை மாற்றங்களை (வாக்கிலிருந்து ட்ராட் போன்றவை) மட்டும் தொட்டுப் பாருங்கள். சூடேறிய குதிரைக்கு வாக் கூடுதலாகவும், மந்தமான குதிரைக்குக் கடைசிக் கேன்டர் கூடுதலாகவும் வேண்டும். எதிரே வருபவரை இடது தோளுக்கு இடது தோளாகக் கடப்பது வழக்கம். வாக் செய்பவர்கள் ஓரத் தடத்தை விட்டு உள்ளே வந்துவிட வேண்டும்.

அட்டவணை பிசகுவது இரண்டு திசையிலும் நடக்கும். முன்னால் இருப்பவர்கள் விலகிக்கொண்டால் களம் சும்மா நிற்கும். 'இப்போதே வருகிறீர்களா?' என்று ஸ்டீவர்டு (களத்தோர மேற்பார்வையாளர்) கேட்பார். குறித்த நேரத்துக்கு முன்னால் சவாரி செய்ய உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. குதிரை தயாராக இல்லை என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதற்காக எந்த ஜட்ஜும் மதிப்பெண் குறைக்கமாட்டார். எதிர்த்திசையில் களம் 20 நிமிடம் பின்தங்கினால், அந்த 20 நிமிடத்தையும் ட்ராட்டில் ஓட்டாதீர்கள். இறங்கி நிழலில் நில்லுங்கள். உங்களுக்கு முன் மூன்று பேர் இருக்கும்போது மறுபடி ஏறினால் போதும். டெஸ்ட் தாளிலேயே சராசரி சவாரி நேரமும், அட்டவணைக்காகக் குறைந்தது 2 நிமிடம் சேர்க்க வேண்டும் என்ற பரிந்துரையும் அச்சாகியிருக்கும். மூன்று பேர் என்றால் 20 நிமிடத்துக்குச் சற்று அதிகம் என்று இதிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

ஒரே நாளில் இரண்டு டெஸ்ட் இருந்தால் இடைவெளிதான் முடிவு செய்கிறது. 45 நிமிடத்துக்குள் என்றால் ஏறியபடியே வாக். ஒன்றரை மணி நேரம் வரை என்றால் இறங்கி, வயிற்றுவாரைத் தளர்த்தி, தண்ணீர் காட்டி, இரண்டாவது வார்ம்-அப்பைப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். அதற்கு மேல் என்றால் லாயத்துக்கே போய்ச் சேணத்தைக் கழற்றுவதுதான் குதிரைக்கு நியாயம். இடம் மாறியதும் தண்ணீர் குடிக்காத குதிரைகள் உண்டு. வீட்டுத் தண்ணீரை ஒரு கேனில் கொண்டுபோங்கள்.

இனி மணி. களத்தைச் சுற்றி எழுத்துப் பலகைகள் இருக்கும்: ஏ வாசல், எதிர் முனையில் சி. ஜட்ஜ் மணி அடித்ததும் 45 விநாடிக்குள் ஏ எழுத்து வழியாக உள்ளே நுழைய வேண்டும். அதைத் தாண்டினால் 'தவறு' என்று மதிப்பெண் கழியும். 90 விநாடியைத் தாண்டினால் நீக்கம். மணிக்கு முன்பே நுழைந்தாலும் தவறுதான். 20-க்கு 60 மீட்டர் களத்தில் சி-யிலிருந்து ஏ வரை வெளியே சுற்றிவர 80 மீட்டருக்குச் சற்று அதிகம். நிமிடத்துக்கு 220 மீட்டர் போகும் ட்ராட்டில் அது 25 விநாடிக்குள் முடியும். 100 மீட்டர் போகும் வாக்கில் 45-ஐத் தாண்டிவிடும். ஆகவே மணி கேட்கும்போது சி-க்கு அருகே வாக்கில் இருந்தால் உடனே ட்ராட்டுக்கு மாறுங்கள். பக்கத்துப் பக்கமாக இரண்டு களம் இருந்தால் ஒன்றில் மணி, இன்னொன்றில் விசில் என்று வைத்திருப்பார்கள். உங்களுடையது எது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்டின் நடுவே மணி அடித்தால் வழி தவறியிருக்கிறீர்கள். நிறுத்துங்கள், ஜட்ஜ் எங்கிருந்து தொடர வேண்டும் என்று சொல்வார். முதல் தவறுக்கு 2 மதிப்பெண், இரண்டாவதுக்கு 4, மூன்றாவதில் நீக்கம். மொத்தம் 200-க்கு மேல் உள்ள டெஸ்டில் 2 என்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதை நினைத்துக் கலங்கி அடுத்த நான்கு அசைவுகளிலும் பத்துக்கு 7 வாங்க வேண்டிய இடத்தில் 5 வாங்குவதுதான் உண்மையான நஷ்டம். நிதானமாக ஒரு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள், ஜட்ஜ் காத்திருப்பார்.

தேசிய நிலை டெஸ்டுகளில் வெளியே ஒருவர் நின்று டெஸ்டை வாசிக்கலாம். அவருடன் ஒரு முறையாவது வீட்டில் பழகுங்கள். நீங்கள் ஒரு எழுத்தைக் கடக்கும்போதே அடுத்த அசைவு காதில் விழ வேண்டும்; தாமதித்தால் மூலையில் தடுமாறுவீர்கள். தாளில் உள்ளதைத் தவிர ஒரு சொல் கூடுதலாகச் சொன்னாலும் அது வெளியுதவி ஆகிவிடும். டெஸ்டுகள் 2015, 2019, 2023 என்று நான்காண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கின்றன. வாசிப்பவர் கையில் பழைய ஆண்டுத் தாள் இருப்பது அடிக்கடி நடக்கும் விபத்து. ஆண்டை இருவரும் சேர்ந்தே சரிபாருங்கள்.

எது சவாரியை முடித்துவிடும், எது முடிக்காது என்று தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். விழுந்தால் நீக்கம். நான்கு கால்களும் களத்துக்கு வெளியே போனால் நீக்கம். குதிரை 20 விநாடிக்கு மேல் முரண்டு பிடித்து நகர மறுத்தாலும், நொண்டினாலும் நீக்கம். அங்கவடி காலை விட்டு நழுவினாலோ, சவுக்கு கீழே விழுந்தாலோ சவாரி தொடரும், குனிந்து தேடாதீர்கள். சவுக்கின் நீளம் நுனிக்குஞ்சம் உட்பட 120 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. வார்ம்-அப்பில் கட்டிய கால் பட்டைகளோடு களத்துக்குள் போகக் கூடாது. அதைக் கழற்றுவது யார் பொறுப்பு என்று முன்பே பேசிவையுங்கள். நேரம் பிசகிய நாளில்தான் அது மறந்துபோகும்.

லாடம் கழன்றால் உடனே ஸ்டீவர்டிடம் சொல்லுங்கள். லாடக்காரர் வரும்வரை வரிசையை மாற்றித் தர முடியுமா என்பது அமைப்பாளரின் விருப்பம். நேரத்தோடு சொன்னவருக்குத்தான் இடம் கிடைக்கும். களத்தோரப் பெட்டியில் மாற்றுக் கடிவாள வார், மாற்று வயிற்றுவார், தோலில் துளையிடும் கருவி, ஊசி நூல், கையுறை, கறுப்பு இன்சுலேஷன் டேப் இருக்கட்டும். பூட்ஸின் ஜிப் கிழிவது வழக்கமான விபத்து. கறுப்பு டேப்பை மேலிருந்து கீழாகச் சுற்றினால் ஒரு டெஸ்ட் தாங்கும். கடும் வெயிலில் கோட் வேண்டாம் என்று அறிவிப்பார்கள். அறிவிப்பு வரும்வரை கோட் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இடி கேட்டால், கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஒதுங்குவதுதான் பொது வழக்கம். அப்போது அட்டவணை முழுவதும் புதிதாக வரும், பழைய நேரத்தை நம்பி நிற்காதீர்கள்.

ட்ரைலரில் குதிரையை ஏற்றும் முன் மதிப்பெண் தாளை வாங்கிக் கூட்டிப் பாருங்கள். இரட்டிப்பு மதிப்புள்ள அசைவுகளைப் பெருக்காமல் விட்டிருப்பார்கள், வேறு ஒருவரின் தவறு உங்கள் கணக்கில் கழிந்திருக்கும். அன்றே செயலரிடம் காட்டினால் திருத்துவார்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் காலம் கடந்திருக்கும்.