சேறு காய்ந்த பின் வந்த கவலை: மகளுக்கு ஈயப் பரிசோதனை

சுரங்கக் கழிவு அணை உடைந்தபோது எல்லோருடைய கவலையும் தண்ணீரைப் பற்றியே இருந்தது. லாரியில் நல்ல தண்ணீர் வந்ததும் நிலைமை சீராகிவிட்டது என்றார்கள். சேறு காய்ந்து புழுதியாகப் பறக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. ஜன்னல் விளிம்பில் படிந்த சாம்பல் நிறத் தூளில் என் மூன்று வயது மகள் கோடு இழுத்துவிட்டு அதே விரலைச் சப்பினாள்.

அது ஈயமும் துத்தநாகமும் எடுக்கும் சுரங்கம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை ஏற்கும். சிறு குழந்தையின் உடலோ பாதிவரை இழுத்துக்கொள்ளும். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் இன்னும் கூடுதல்.

மருத்துவ முகாமில் எடை பார்த்தார்கள், இருமல் உண்டா என்று கேட்டார்கள். "நன்றாகத்தானே விளையாடுகிறாள், ரத்தப் பரிசோதனை எதற்கு?" என்றார் மருத்துவர். இந்தக் கேள்விதான் என்னைக் கொதிக்க வைத்தது. குறைந்த அளவு ஈயம் வெளியே எதையும் காட்டாது. கவனத்தையும் கற்கும் திறனையும் சத்தமில்லாமல் அரிக்கும். பரிசோதனை வேண்டாம் என்றால் அதற்கான காரணத்தை மருத்துவ அட்டையில் எழுதித் தாருங்கள் என்றேன். சீட்டு கிடைத்தது.

முதலில் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். அந்தச் செவிலியரை மறக்க முடியாது. மகளின் கையைச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை தேய்த்துக் கழுவித் துடைத்தார். முதல் துளியை ஒற்றியெடுத்துவிட்டு அடுத்த துளியைத்தான் பிடித்தார். தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும் என்றார். அளவு அதிகமாக வந்ததால், உறுதிசெய்ய முழங்கை மடிப்பில் ஊசி போட்டு மறுபடி எடுத்தார்கள். சிறுநீரில் ஆர்சனிக் என்ற இன்னொரு நச்சைப் பார்ப்பதற்கு முன் சில நாட்கள் மீன், நண்டு கொடுக்க வேண்டாம் என்றார்கள். அவற்றில் இருக்கும் தீங்கில்லாத வகை ஆர்சனிக் கணக்கைக் குழப்பிவிடுமாம். அந்த முடிவில் பயப்பட ஒன்றுமில்லை.

ஈயம் டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் 3.5-ஐ எட்டினாலே கவனிக்கச் சொல்கிறது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தோ பொதுவாக 45-ஐ எட்டினால்தான். இடையில் நிற்கும் குழந்தைக்கு மருந்து இல்லை, தூசியை நிறுத்துவதுதான் வழி. துடைப்பத்தை ஒதுக்கிவிட்டு ஈரத்துணியால் துடைத்தோம். செருப்பு வாசலுக்கு வெளியே போனது. சாப்பிடும் முன்பும் தூங்கும் முன்பும் கை கழுவினோம். இரும்புச்சத்து மருந்தும் தொடங்கினோம்.

வீடு சுத்தமானால் போதுமா? பகலெல்லாம் அவள் விளையாடுவது காப்பக முற்றத்தில். 2010-இல் நைஜீரியாவின் சம்ஃபாராவில், ஈயம் கலந்த தங்கத் தாதுவை உடைத்து அரைத்த தூசியால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்தார்கள். அங்கே குடியிருப்புகளின் நச்சு மண்ணை அகற்றாமல் சிகிச்சை மட்டும் பயன் தராது என்று மருத்துவக் குழுவினர் வலியுறுத்தினார்கள். மற்ற பெற்றோருடன் சேர்ந்து எழுதிய மனுவில் இதை முதல் பத்தியிலேயே வைத்தோம். மண் மாதிரி எடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது; கடைசியில் மேல்மண்ணை அள்ளிவிட்டுப் புது மண் கொட்டினார்கள்.

எலும்பில் சேர்ந்த ஈயம் மெல்லக் கசிந்துகொண்டே இருப்பதால் ரத்த அளவு சட்டென்று இறங்காது. மகளுக்கு இப்போது 6. அடுத்த பரிசோதனைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கியிருக்கிறேன். அவர்களுக்கு இதுவரை யாரும் பார்க்கவில்லை.