ஒரு செருப்பு போச்சு, ரெண்டு குஞ்சு பாத்தேன்

காலைல அஞ்சரைக்கே சதுப்பு நிலத்துக்குப் போயாச்சு, இன்னைக்கு எங்க வாலண்டியர் குரூப்புக்கு ஆகாயத்தாமரை அள்ளுற வேலை. பாக்க ஊதாப் பூவோட அழகாத்தான் இருக்கும், ஆனா தண்ணி மேல பாய் விரிச்ச மாதிரி மூடிட்டா கீழ வெளிச்சம் போகாது, ஆக்சிஜன் குறைஞ்சுடும், மீனே இல்லாம போனா அப்புறம் பறவை எதைத் தின்னும் சொல்லுங்க. முட்டி வரைக்கும் சேறு, ஒரு செருப்பு உள்ளயே போயிடுச்சு (பூட்ஸ் போட்டு வாங்கன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல).

நடுவுல கூட இருந்த அக்கா "அசையாதீங்க"ன்னு கை காட்டினாங்க. முக்குளிப்பான்! முதுகு இறகுக்குள்ள இருந்து வரி வரியா ரெண்டு குட்டித் தலை எட்டிப் பாக்குது. அம்மாவா அப்பாவான்னு தெரியல, ரெண்டுமே குஞ்சைச் சுமக்கும். டபக்னு பெருசு முங்கிடுச்சு, குஞ்சு ரெண்டும் தக்கை மாதிரி தண்ணி மேல நிக்குது, எங்க வேலை அப்படியே நின்னு போச்சு.

அந்தப் பக்கம் நீர்க்காகம் ஒண்ணு ரெண்டு றெக்கையையும் விரிச்சுக் காயப்போட்டுட்டு இருந்துச்சு. அதோட இறகு வாத்து மாதிரி இல்ல, நல்லா நனையும், அதனாலதான் முங்கி மீன் பிடிக்க ஈஸி.

ஈரநிலங்களைக் காப்பாத்த 1971ல நாடுகள் ராம்சார் ஒப்பந்தம் போட்ட நாள்னு பிப்ரவரி 2 ஈரநில தினம், அன்னைக்கு மட்டும் செல்ஃபி எடுக்க கூட்டம் அள்ளும், களை அள்ளத்தான் ஆள் இல்ல.

அடுத்த வாரம் பூட்ஸோட வரேன். யாருக்காவது அந்தச் செருப்பு கெடைச்சா சொல்லுங்கப்பா, இடது கால்.