கடன் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

நான் கடைகளுக்கான பில், ஸ்டொக் மென்பொருள் விற்கும் ஒரு கம்பனியில் சேல்ஸ் எஞ்சினியர். மட்டக்களப்பு, அம்பாறை இரண்டும் என் பகுதி. விலை பேசுவதற்கு வேறு ஆள் வருவார். இந்த மென்பொருள் இந்தக் கடைக்கு உண்மையிலேயே உதவுமா, எதை மாற்றினால் உதவும் என்று பார்ப்பதுதான் என் வேலை. இதை நான் சரியாக விளங்கிக்கொள்ள ஒரு வாடிக்கையாளரை இழக்க வேண்டியிருந்தது.

களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு உரக்கடை. நான் கொண்டுபோன டெமோவில் "பொருள் 1", "வாடிக்கையாளர் 2" என்று கம்பனி தந்த மாதிரித் தரவுதான் இருந்தது. முதலாளி கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "தம்பி, கடன எங்க எழுதுற?" என்று கேட்டார். திறந்து காட்டினேன். 30 நாள், 60 நாள், 90 நாள் என்று மூன்று தெரிவுகள் இருந்தன. "படுவான்கரையில இருந்து வாற ஆக்கள் வெள்ளாமை வெட்டித்தான் காசு தருவாங்க, அதுக்கு எத்தின நாள் போடுற?"

"அதெல்லாம் செய்யலாம் அண்ணன்" என்று சொல்லிவிட்டேன். யாரிடமும் கேட்காமல் சொன்ன வார்த்தை அது. எங்கள் மென்பொருளில் திருப்பித் தரும் திகதி கட்டாயம் நிரப்ப வேண்டிய இடம், நினைவூட்டும் எஸ்எம்எஸ், நிலுவை அறிக்கை எல்லாம் அந்தத் திகதியை வைத்துத்தான் கணக்கிடப்படும், அதை வெறுமையாக விட்டால் நாலைந்து இடத்தில் உடையும். நிரல் எழுதும் பிள்ளைகள் அதைத் திருத்தி முடிப்பதற்குள் பெரும்போக அறுவடையே முடிந்துவிட்டது. அவர் பழைய கொப்பியிலேயே எழுதிக்கொண்டிருந்தார். முற்பணத்தை நான்தான் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அவர் ஒன்றும் ஏசவில்லை. அதுதான் இன்றைக்கும் மனதுக்குக் கஷ்டம்.

அதற்குப் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் லப்டொப்பைத் திறக்க முன்னம் கடன் கொப்பியைத்தான் கேட்கிறேன். கடை எப்படி நடக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், ஆளை ஊரையும் வயல் கண்டத்தையும் (வயல் இருக்கும் பகுதி) வைத்துத்தான் முதலாளி அடையாளம் காண்பார். அப்படியென்றால் பெயருக்குப் பக்கத்தில் கண்டத்துக்கு ஓர் இடம் வேண்டும், இல்லாவிட்டால் பில் போடுகிற பிள்ளை ஒவ்வொரு தடவையும் முதலாளியைக் கூப்பிட வேண்டிவரும். அனுமதி கேட்டு இரண்டு மூன்று பக்கத்தைப் படம் எடுத்துவந்து, இரவில் எக்செல்லில் அடித்து, சின்னப் பைதன் நிரல் ஒன்றால் டெமோவுக்குள் ஏற்றிவிடுவேன். அடுத்த நாள் அவருடைய சாமான், அவருடைய விலை, அவருடைய ஊர்கள் திரையில் வரும்போது கேள்விகள் தானாக வரும். ஆனால் ஒன்று, அந்தத் தரவை இன்னொரு கடையில் ஒருநாளும் காட்டாதீர்கள், டெமோ முடிந்ததும் அழித்துவிடுங்கள். எங்கள் ஊர்களில் யார் யாருக்குக் கடன் என்பது மானப் பிரச்சினை.

இப்படிச் சொந்தத் தரவை ஏற்றியதால்தான் நான் கற்ற முக்கியமான நிரல் பாடமும் கிடைத்தது. ஒரு கடையில் "கொக்கட்டிச்சோலை" என்று ஊரைத் தேடினால் பாதிப் பேர்தான் வந்தார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே எழுத்து. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யுனிகோடில் "கொ" என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது எகரக் குறியும் (ெ) அரவும் (ா) தனித்தனியாக. யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்து மாற்றிய பழைய பட்டியலில் இரண்டாவது விதம் இருந்தது, கீபோர்டில் புதிதாக அடித்ததில் முதலாவது. பைதனில் யுனிகோட்டேட்டா என்ற தொகுதியில் நோர்மலைஸ் என்று ஒரு செயற்கூறு இருக்கிறது. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை அதற்குள்ளால் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றி எடுத்தால் தீர்ந்தது. அரவுக்குப் பதிலாக ர அடித்துவைத்த பெயர்களை மட்டும் அது திருத்தாது, அவற்றை உட்கார்ந்து கையால் திருத்தினேன்.

இன்னொன்று வற் எனப்படும் பெறுமதி சேர் வரி. 2022 ஜூனில் 8 வீதம் 12 ஆனது, அதே ஆண்டு செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18. வீதத்தை நிரலுக்குள் எழுதிவைத்தவர்கள் மூன்று தடவையும் ஓடினார்கள். அதை ஓர் அட்டவணையில், எந்தத் திகதியில் இருந்து எவ்வளவு என்று வையுங்கள். அதோடு ஒவ்வொரு பில் வரியிலும் அன்றைய வீதத்தையும் சேர்த்துச் சேமியுங்கள், ஏனென்றால் டிசம்பரில் 15 வீதத்துக்கு வாங்கிய தண்ணீர் மோட்டரை ஜனவரியில் திருப்பிக் கொண்டுவந்தால் 15 வீதப்படிதான் கழிக்க வேண்டும். காசைத் தசமத்தில் வைக்காமல் சதமாக முழு எண்ணில் வையுங்கள். பில்லும் ஸ்டொக்கும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் எழுதப்படட்டும், நடுவில் கரண்ட் போனால் பாதி எழுதின கணக்கு மிஞ்சக்கூடாது.

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படித்துவிட்டு வரும் தம்பி தங்கச்சிமார் நிரல் எழுதும் வேலை என்றால் கொழும்பு என்றுதான் நினைக்கிறார்கள். இந்த வேலையையும் யோசித்துப் பாருங்கள். மாதச் சம்பளத்தோடு விற்பனையைப் பொறுத்துக் கமிஷன் வரும், அதனால் வருமானம் ஏறி இறங்கும், வெயிலில் அலைச்சலும் உண்டு. ஆனால் வெள்ளாமைக்காரனுடைய கடன் எப்படி ஓடுகிறது என்று சின்ன வயதில் இருந்தே பார்த்த உங்களுக்கு, கொழும்பில் இருந்து வருகிற ஒருவர் ஆறு மாதத்தில் விளங்கிக்கொள்வது முதல் நாளே விளங்கும். "முடியாது", "கேட்டுச் சொல்கிறேன்" என்ற இரண்டையும் முகத்துக்கு நேரே சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். நான் அதைப் பிந்தித்தான் பழகினேன்.

போன மாதம் அந்த உரக்கடைக்கு மறுபடியும் போனேன். இப்போது திகதிக்குப் பதிலாகப் பெரும்போகம், சிறுபோகம் என்று தெரிவு செய்யலாம், திகதி இல்லாமலும் விடலாம். விற்க வரவில்லை அண்ணன், பார்த்து எங்கே பிழை என்று சொல்லுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய்க் கொப்பியை எடுத்துவந்து, முதல் பக்கத்தைத் தானே அடித்துப் பார்க்க வேண்டும் என்றார். நான் எழும்பிக் கதிரையை அவருக்கு விட்டுக்கொடுத்தேன்.